பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பெரிப்பது யார்?

குழந்தை பிறந்த வீட்டுக்குச் சட்டையும் தொட்டிலும் விளையாட்டுப் பொருள்களுமாகப் பரிசுகள் வந்து குவிகின்றன. குழந்தையைப் பார்க்கச் சுற்றத்தார் வருகின்றனர். துஆச் செய்கின்றனர், பெயர் என்னவென்று கேட்கின்றனர். வந்தவர்களுக்குத் தேநீர் வைத்துக் கொடுப்பவர் யார் என்று சற்று எட்டிப் பார்த்தால், பத்து நாள் முன்பு பிள்ளை பெற்றவளே ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி அடுப்பின் முன் நின்றுகொண்டிருப்பாள். இன்று வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் இதுவே நிலை.

நம் பாட்டிமார் காலத்தில் இப்படி இருந்ததில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எழுதப்படாத சட்டம். நாற்பதாம் நாள் குளிப்பு வரை அவளுக்கு வேளாவேளைக்குப் பத்தியச் சோறும் பூண்டுக் கஞ்சியும் மிளகுச் சாறும் வந்துகொண்டே இருக்கும். உம்மா, பெரியம்மா, மாமி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எனப் பத்துக் கைகள் இருந்தன. அவள் வேலை பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் படுத்திருப்பதும் மட்டுமே.

இன்று அந்தப் பத்துக் கைகளும் பத்து ஊர்களில் இருக்கின்றன. துறைமுகத்தையும் கண்டெய்னர் யார்டுகளையும் எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளையும் நம்பி இராமநாதபுரத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த குடும்பங்கள் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இரண்டு அறை வீடுகளில் வாழ்கின்றன. கணவனுக்குச் சுழல்முறை வேலை. மனைவிக்கும் பல வீடுகளில் வேலை உண்டு. தாய்வீடு ஓரிரவுப் பயணத் தொலைவில். இந்த வெற்றிடத்தை நிரப்ப ஒரு புதிய வணிகம் முன்வந்திருக்கிறது. அது நமக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளந்து வரும் பெட்டி

'மீல் கிட்' என வழங்கப்படும் இது சமைத்த உணவு அன்று. சமையலுக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய பெட்டி. இருவருக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி, எத்தனை வெங்காயம், எத்தனை கரண்டி மசாலா தேவையோ அவ்வளவையும் அளந்து, தனித்தனி உறைகளில் இட்டு, செய்முறைத் தாளுடன் வீட்டு வாசலுக்கு அனுப்புகின்றனர். நாம் அடுப்பை மூட்டிச் சமைத்துக்கொள்ள வேண்டும்.

2007இல் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கிக்கி தியாண்டர் என்ற பெண்மணி தொடங்கிய 'மிட்டாக்ஸ்ஃப்ரிட்' நிறுவனமே இதற்கு முன்னோடி என்பர். அவர் மூன்று குழந்தைகளின் தாய். நிறுவனத்தின் பெயர் 'இராச் சாப்பாட்டு நேரத்து அமைதி' என்ற பொருள்படும். அந்தப் பெயரிலேயே ஒரு தாயின் பெருமூச்சு தெரிகிறது. பின்னர் 2011இல் பெர்லினில் 'ஹலோ ஃபிரெஷ்', 2012இல் நியூயார்க்கில் 'புளூ ஏப்ரன்' ஆகியவை தோன்றின.

இவ்வணிகம் வளர்ந்த வேகத்திலேயே தளர்ந்தும் போயிற்று. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ 190 கோடி டாலர் மதிப்புப் பெற்ற புளூ ஏப்ரன், 2023இல் சுமார் 10 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்திடம் விலைபோயிற்று. தள்ளுபடி உள்ளவரை பெட்டி வாங்குவோர், முழு விலை கொடுக்கும் காலம் வந்ததும் விலகிக்கொள்வது இத்தொழிலைப் பிடித்த நோய்.

நமக்கு இது முற்றிலும் புதியதா?

சமையலில் பாதி வேலையை வெளியே கொடுப்பது தமிழ் வீடுகளுக்குப் பழகிய ஒன்றே. மிளகாயும் மல்லியும் மில்லுக்குப் போய்த் தூளாகத் திரும்புவது நெடுங்கால வழக்கம். 1955இல் கோவையில் ப. சபாபதி உருவாக்கிய மின்சார மாவரைக்கும் இயந்திரம் ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களின் தோளை விடுவித்தது. பிறகு தெருவுக்குத் தெரு மாவுக் கடைகள் வந்தன. வயநாட்டைச் சேர்ந்த பி.சி. முஸ்தபாவும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்களும் 2005இல் பெங்களூரில் 50 சதுர அடிச் சமையலறையில் இட்லி மாவு தயாரிக்கத் தொடங்கி, அதையே 'ஐடி ஃபிரெஷ்' என்ற பெரிய நிறுவனமாக வளர்த்தனர். மாவுப் பொட்டலம் வாங்கி இட்லி ஊற்றும் எந்தத் தாயையும் இன்று யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை.

ஆகவே பெட்டியில் வந்த பொருளைச் சமைப்பது குடும்பப் பண்புக்கு இழுக்கு என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பெட்டியைப் பிரித்து அடுப்பின் முன் நிற்கப் போகிறவர் யார்?

ஆறு பெட்டிகள் கற்பித்த பாடம்

திருவொற்றியூரில் வாழும் என் தங்கை மகளுக்கு அல்லாஹ்வின் அருளால் ஆண் குழந்தை பிறந்தது. மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் தங்கையால் ஊரிலிருந்து வர இயலவில்லை. மருமகனுக்குக் கண்டெய்னர் யார்டில் சுழல்முறை வேலை. அவர்கள் வாரத்துக்கு மூன்றாக இரண்டு வாரங்களுக்கு ஆறு சமையல் பெட்டிகளைத் தருவித்தனர். மதரஸா விடுமுறையாக இருந்ததால் பெரும்பாலான நாட்களில் நானும் அங்கே இருந்து பார்க்க முடிந்தது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு என்ன சமைப்பது என்ற யோசனையே இல்லாமற் போயிற்று. இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு அந்த யோசனையே ஒரு சுமை. காய் அழுகிக் குப்பைக்குப் போகவில்லை. 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் கடையில் வாங்கிச் சமைக்கும் உணவைவிட இத்தகைய பெட்டி உணவினால் சுற்றுச்சூழலில் சேரும் கரிப்புகை குறைவு என்று கண்டதற்கும், வீணாகும் உணவு குறைவதே முக்கியக் காரணம்.

குறைகளும் உண்டு. வீட்டருகே உள்ள கடையில் அதே பொருள்களை வாங்கினால் ஆகும் செலவைப் போல இரு மடங்குக்கும் மேல் விலை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் நண்பகலில் வர வேண்டிய பெட்டி அந்தி சாயும்போது வந்தது. செய்முறைத் தாள் முழுவதும் ஆங்கிலம். இறைச்சி ஹலால் முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கேட்டபோது தெளிவான விடை கிடைக்காததால் காய்கறிப் பெட்டிகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, கறியைத் தெரிந்த கடையில் வாங்க வேண்டியிருந்தது. மேலும் அந்த உணவு வகைகள் பொதுவானவர்களுக்கானவை. பாலூட்டும் தாய்க்கென்று ஆக்கப்பட்டவை அல்ல. பூண்டு பேருக்கு இரண்டு பல்; காரமோ மிகுதி.

எல்லாவற்றிலும் முக்கியமானது நேரம். தாளில் 30 நிமிடம் என்று போட்டிருந்தது. முதல் நாள் மருமகனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் இரவு வேலைக்குப் போன நாளில் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்தது. பிரித்திருந்தால் நின்று வதக்க வேண்டியவள் பிள்ளை பெற்றவள்தான். பெட்டி கடைக்குப் போகும் கால்களை மிச்சப்படுத்தியது. கிளறும் கையைக் கொண்டுவரவில்லை.

ஆயினும் ஒரு நன்மை விளைந்தது. இரண்டாம் வாரத்தில் மருமகனுக்கு 40 நிமிடம் போதுமானதாயிற்று. ஆறாவது பெட்டியை அவர் தாளைப் பாராமலே சமைத்தார். ஆண்கள் பலர் அடுப்பங்கரைக்குப் போகாததற்குச் சொல்லும் காரணம், எதை எவ்வளவு போடுவது என்று தெரியாது என்பதே. அளந்து வந்த பொட்டலம் அந்தச் சாக்கைப் போக்கிவிட்டது. அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்றால், அது இதற்காகத்தான்.

தாயின் தட்டில் இருக்க வேண்டியவை

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்துள்ளன. இது ஏறத்தாழ ஒரு வேளை உணவை அதிகமாக உண்பதற்குச் சமம். ஆனால் நடப்பது என்ன? சமைக்க ஆளில்லாத வீட்டில் அவள் ஒரு வேளை உணவைக் குறைத்துக்கொள்கிறாள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பிரசவத்தில் இரத்தம் இழந்த உடல் இந்நிலையில் எப்படித் தேறும்?

நம் பத்தியச் சமையலில் நல்லவை ஏராளம். பூண்டு, வெந்தயம், பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, ஆட்டெலும்புச் சாறு ஆகியவை குறைந்த செலவில் வலுவூட்டுவன. காசிமேட்டுக் கரையோர வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுத்தால் பால் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. அதில் நல்ல புரதம் உண்டு என்பது உண்மை. எனினும் பெரிய சுறாக்களில் பாதரசம் சேரக்கூடும் என்பதால் நெத்திலி, காரப்பொடி, மத்தி போன்ற சிறுமீன்களே மேலானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை உள்ள 61 நாட்களில் மீன் விலை ஏறிவிடும். அப்போது முட்டையும் பயறும் கைகொடுக்கும். ஆனால் தண்ணீர் அருந்தக்கூடாது, காய்கறி கூடாது என்று சில வீடுகளில் விதிக்கும் தடைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். பாலூட்டுபவளுக்குத் தாகம் மிகுதி. தண்ணீரை மறுப்பது தீங்கு.

அரசும் ஒருவகைப் பெட்டி தருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 ரூபாய் பணமாகவும், எஞ்சிய 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வழங்கப்படுகின்றன. அதில் சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து ஆகியவை உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் முதல் இரண்டு பிரசவங்களுக்கு உரிய இவ்வுதவியைப் பெற, கருவுற்ற தொடக்கத்திலேயே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்மார்க்குச் சத்துமாவு தனியே கிடைக்கும். இவற்றைக் கேட்டு வாங்க நம் பெண்கள் வெட்கப்படலாகாது.

யார்மீது உள்ள கடமை?

பாலூட்டும் தாயின் உணவும் உடையும் குழந்தையின் தந்தைமீது உள்ள பொறுப்பு என்று திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் தெளிவாகக் கூறுகிறது. பொறுப்பு என்றால் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நகர்வது மட்டுமா? அரிசி சோறாகி அவள் தட்டுக்கு வருவது வரை அந்தப் பொறுப்பு நீள்கிறது என்றே என் சிற்றறிவுக்குப் படுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணி செய்வார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடை கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். உலகையே வழிநடத்த வந்தவர்களுக்கு இழிவாகத் தோன்றாத வேலை நமக்கு மட்டும் ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். நிஃபாஸ் உடைய நாட்களில் தொழுகை அவள்மீது கடமை இல்லை. நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். படைத்தவன் தன் கடமைகளிலேயே சலுகை அளித்திருக்கும் நாட்களில், வேளைக்கு வேளை சமையல் என்ற கடமையை மட்டும் நாம் அவள் தலையிலிருந்து இறக்காமல் இருக்கிறோம்.

நாட்டின் நிலை என்ன? 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்டோர் பெண்களில் 81.2 விழுக்காடு; ஆண்களில் 26.1 விழுக்காடு மட்டுமே. ஈடுபட்ட பெண் ஒருவர் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும், ஆண் ஒருவர் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். மகப்பேற்று விடுப்பு 2017இல் 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் யார்டிலும் ஆலையிலும் உழைக்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. இதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது தொழிற்சங்கங்களின் கடமை.

தந்தை நின்று சமைக்காத வீட்டில் அந்தச் சுமை யார்மேல் விழுகிறது என்பதை எங்கள் மதரஸாவின் வருகைப் பதிவேட்டில் காணலாம். தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டின் மூத்த பெண்பிள்ளை அடுத்த ஒரு மாதம் சரியாக ஓத வரமாட்டாள். கேட்டால், "அம்மாவுக்கு முடியல, நான்தான் சோறு வடிக்கணும்" என்பாள். வயது பத்தோ பதினொன்றோ இருக்கும். அதே வீட்டின் அண்ணன் ஒரு நாளும் தவறாமல் வந்து உட்கார்ந்திருப்பான். அவள் வரிசையில் விழும் வெற்றுக் கட்டங்களை எப்படி ஈடுசெய்வது?

நாமே கட்டும் பொட்டலம்

பெட்டி வணிகத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறையைத்தான். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அம்மாவோ மாமியாரோ உட்கார்ந்து பத்திருபது பொட்டலங்கள் கட்டிவிடலாம். வெளியூரில் இருப்பவர்கள் பேருந்துப் பார்சலில் அனுப்பலாம்.

எடுத்துக்காட்டாகப் பூண்டுக் கஞ்சிப் பொட்டலம்: புழுங்கலரிசிக் குருணை 1 டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி. பொட்டலத்தின் மேல் தமிழில் இப்படி எழுதி ஒட்டுக: "களைந்து, 12 பல் பூண்டும் 6 டம்ளர் தண்ணீரும் சேர்த்து, குக்கரில் 5 விசில். இறக்கியபின் 1 டம்ளர் தேங்காய்ப்பாலும் உப்பும்." இதைப் படிக்கத் தெரிந்த எந்த ஆண்மகனும் கஞ்சி காய்ச்சிவிடலாம். மிளகுச் சாற்றுப் பொடி, எலும்புச் சாற்று மசாலா, பருப்புப் பொடி ஆகியவற்றையும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக இவ்வாறே கட்டிவைக்கலாம். செலவு கடைப் பெட்டியின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

மஹல்லா நினைத்தால்

போஹ்ரா சமூகத்தாரிடம் 'ஃபைழுல் மவாயிதில் புர்ஹானிய்யா' என்ற ஏற்பாடு உள்ளது. 2014இல் மறைந்த அவர்களுடைய 52ஆவது தலைவர் ஸையிதினா முஹம்மத் புர்ஹானுத்தீன் காலத்தில் பரவிய இத்திட்டப்படி, பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய உணவு அடுக்குப் பாத்திரத்தில் வீடுதோறும் செல்கிறது. ஏழை, செல்வர் அனைவருக்கும் ஒரே உணவு. பெண்களின் அடுப்படிச் சுமையைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளை பெற்ற தாய்க்கென்றே தனிப் பத்திய உணவை வீட்டுக்கு அனுப்பும் சமையற்காரர்கள் இருப்பதை அங்கு வாழும் நம் உறவினர் அறிவர்.

நமக்கு மட்டும் இது இயலாதா? ரமலான் முப்பது நாளும் பள்ளிவாசலில் தேக்சா ஏற்றி, மஹல்லா முழுவதற்கும் கஞ்சி ஊற்றுகிறோம். அதற்கு ஆளும் பாத்திரமும் பணமும் எப்படியோ அமைந்துவிடுகின்றன. முப்பது நாள் ஊருக்கே கஞ்சி ஊற்றத் தெரிந்த ஜமாஅத்துக்கு, நாற்பது நாள் ஒரு வீட்டுக்கு மதிய உணவு அனுப்புவது பெரிய காரியமா?

பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு நான்கு முறைதான் வரும். கொண்டுபோகிறவர்கள் தூக்குப் பாத்திரத்தை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்; உட்கார்ந்து கதை பேசினால் தேநீர் வைக்க மறுபடியும் அவளே எழுந்திருப்பாள். பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வந்தால் குறையாக எண்ணலாகாது. இதில் மார்க்க வேறுபாடும் வேண்டாம். ராயபுரத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் முஸ்லிமும் கிறிஸ்தவ மீனவரும் இந்துவும் வாழ்கின்றனர். அவர்கள் நமக்கு மீன் கொடுத்தனுப்பும் வழக்கம் இன்றும் உண்டு. குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது எல்லா அண்டை வீட்டாருக்கும் பொருந்தும்.

வசதி உள்ளவர் கடைப் பெட்டியை வாங்கட்டும். அது ஆகாதது அன்று. ஆனால் வாங்குகிற தகப்பன்மார் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதைப் பிரிப்பதும் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் தம் வேலை. உண்பது மட்டுமே பிள்ளை பெற்றவளின் வேலை. பிரசவ வேதனைக்குப் பின் பேரீச்ச மரத்தடியில் இருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு, உண்டு பருகிக் கண்குளிர்ந்திருக்குமாறு சொல்லப்பட்டது. நம் வீட்டுத் தாய்மாருக்கும் அந்தக் கண்குளிர்ச்சி கிடைக்க நாம் ஒவ்வொருவரும் துணை நிற்போமாக!